தொலைக்கையும் தொழிலாளியும்: மூன்று படைப்புகளை முன்வைத்து ஒரு நோக்கு

1

இயந்திர மனிதனைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்களை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரே வினாவையே எழுப்பி வந்துள்ளனர். இயந்திரம் மனிதனை வென்றுவிடுமா, மனிதன் இயந்திரத்தை அடக்கியாள்வானா என்பதே அவ்வினாவாகும். விஞ்ஞானத்தை வழிபடுவோரும், விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சும் மனிதாபிமானிகளும் விடையில் மாறுபடுகின்றனரேயன்றி, வினாவில் ஒன்றுபட்டே நிற்கின்றனர். ‘மனிதன்’ என்னும் பொதுச்சொல்லுள் இயந்திரத்தின் உடைமையாளனும், அதனை வடிவமைக்கும் பொறியியலாளனும், அதன் முன் நின்று கூலிக்கு உழைப்பவனும் வேறுபாடின்றி அடக்கப்பட்டுவிடுகின்றனர். வர்க்கங்களாகப் பிளவுண்ட சமுதாயத்தில் அத்தகைய பொது மனிதன் எங்கும் இல்லை. ஆகவே வினாவையே மாற்றியமைத்தல் அவசியமாகின்றது.

இந்த மாற்றத்துக்கு மிகவும் துணைபுரிவது தொலைக்கை எனத்தக்க ஒருவகைச் சாதனம். வெகுசனக் கற்பனையில் இடம்பெறும் றோபோ தானே சிந்தித்துத் தானே இயங்குவது. தொலைக்கையோ அத்தகையதன்று. ஓரிடத்தில் இருப்பவர் ஒரு பிடியை அசைக்க, வேறோர் இடத்திலுள்ள உலோகக் கரம் அவ்வசைவைப் பின்பற்றுகின்றது. அக்கரம் ஒரு பொருளைத் தொடும்போது எழும் எதிர்விசை, இயக்குபவரின் விரல்களுக்கு மீண்டும் உணர்த்தப்படுகின்றது. உடல் இயலாமையுடையோரின் நடமாட்டத்துக்கும் அன்றாடக் கருமங்களுக்கும் உதவுமாறு அமைக்கப்படும் சாதனங்கள் பலவற்றின் அடிப்படையும் இதுவே. மோவாயின் அசைவாலோ கண்பார்வையாலோ இயக்கப்படும் சக்கர நாற்காலியும், அதனோடு பொருத்தப்பட்ட செயற்கைக் கரமும் தொலைக்கையின் உடன்பிறப்புகளாம். இரண்டிலும் மனிதனின் எண்ணம் அவனது தசையிலிருந்து பிரிக்கப்பட்டு, வேறோர் உடலினூடாகச் செயலாகின்றது.

அவ்வாறாயின், எண்ணம் எவருடையது? கை எவருடையது? தொடுதலின் நோவு எவரைச் சாருகின்றது? செயலின் பயன் எவரைச் சென்றடைகின்றது? இவ்வினாக்களை மனங்கொண்டு கரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகம், றொபேட் ஹைன்லைனின் ‘வால்டோ’ என்னும் நெடுங்கதை, அலெக்ஸ் றிவேராவின் ‘ஸ்லீப் டீலர்’ திரைப்படம் ஆகிய மூன்றினையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உற்பத்திச் சக்திகள் வளருமாயின் உடலுழைப்பின் கொடுமை தானாகவே நீங்கிவிடும் என்னும் நம்பிக்கை மார்க்சிய மாணவர் பலரிடத்து உண்டு. இக்கட்டுரையாளனும் அந்நம்பிக்கையுடனேயே இப்படைப்புகளை அணுகியவன். வாசிப்பு அதனைத் திருத்திற்று என்பதை முதற்கண் கூறிவிடுதல் நேர்மையாகும்.

2

‘றோபோ’ என்னும் சொல் பொறியியற்கூடத்திற் பிறந்ததன்று; நாடக மேடையிற் பிறந்தது. 1920இல் எழுதப்பட்டு, 1921 சனவரியில் பிராக் நகரத்துத் தேசிய அரங்கில் மேடையேறிய சாப்பெக்கின் நாடகமே அதனை உலகுக்கு அளித்தது. சொல்லைப் பரிந்துரைத்தவர் அவரது சகோதரரான ஓவியர் யோசெப் சாப்பெக். செக் மொழியில் ‘றொபோட்டா’ என்பது, குடியானவன் தன் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்துகொடுக்க வேண்டியிருந்த கட்டாய உழைப்பைக் குறிக்கும். ஹப்ஸ்பேர்க் பேரரசில் 1848ஆம் ஆண்டின் புரட்சியை அடுத்தே அம்முறை ஒழிக்கப்பட்டது. எனவே, பிராக் நகரில் அந்நாடகத்தைக் கண்ட முதற் பார்வையாளருக்கு அச்சொல் எதிர்காலத்தைக் காட்டிலும் தம் முன்னோரின் முதுகு வளைந்த நாட்களையே நினைவூட்டியிருக்கும். நிலமானிய உழைப்பின் பெயர் முதலாளித்துவ உழைப்பின் உச்சநிலைக்குச் சூட்டப்பட்டமை தற்செயலானதன்று. ‘சுதந்திரமான’ கூலியுழைப்பினுள் பழைய கட்டாயம் மறைந்து வாழ்கின்றது என்பதைச் சொல்லொன்றினாலேயே கலைஞன் உணர்த்திவிடுகிறான்.

சாப்பெக்கின் றோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. அவை இரசாயனக் கூழிலிருந்து ஆக்கப்படும் உயிருடல்கள். மனிதனிலிருந்து உழைப்புக்கு வேண்டாதன யாவும், அதாவது இசையில் நாட்டம், மகிழ்ச்சி, உலாவச் செல்லும் விருப்பம் போன்றன நீக்கப்பட்டபின் எஞ்சுவதே றோபோ. முதலாளி தொழிலாளியிடத்துக் காண விரும்புவது எதுவோ அதுவே இங்கு உருவம் பெற்றிருக்கின்றது.

நாடகத்தின் தொடக்கப் பகுதியில் வரும் ஒரு சிறு உரையாடல் எமது கவனத்துக்குரியது. றோபோக்களுக்கு நோவு தெரிவதில்லை. ஆதலின் அவை தம் உறுப்புகளைச் சிதைத்துக்கொள்கின்றன. இதனைத் தவிர்க்கும்பொருட்டு அவற்றுக்கு நோவுணர்வைப் புகுத்த ஆலையினர் முயல்கின்றனர். நோவு அளிக்கப்படுவது இரக்கத்தினாலன்று. உடைமை சேதமாகக்கூடாது என்னும் கணக்கினால். உணர்ச்சி என்பது உற்பத்திச் செலவின் ஓர் அம்சமாகிவிடும் இவ்விடம், அந்நியமாதலைப் பற்றிய கோட்பாட்டு விளக்கங்கள் பலவற்றிலும் கூர்மையானது. பிற்காலத் தொலைக்கைகளில் ‘எதிர்விசை உணர்த்தல்’ பொறியியற் பிரச்சினையாக எழுந்தபோது, அதே கணக்கு வேறுவடிவிற் தோன்றுவதைப் பின்னர் காண்போம்.

றோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தை அழிக்கின்றன. தீவிலிருந்தோருள் கட்டடப் பொறுப்பாளரான அல்குயிஸ்ற் ஒருவர் மாத்திரமே உயிருடன் விடப்படுகிறார். அதற்குக் கூறப்படும் காரணம், அவர் றோபோக்களைப் போலத் தம் கைகளால் வேலைசெய்பவர் என்பதே. உழைக்கும் கையே உயிர்ப்பிச்சை பெறும் தகுதியாகின்றது. இவ்வளவு தூரம் வர்க்க உண்மையை நெருங்கிவந்த நாடகாசிரியர், முடிவில் அதனைக் கைவிடுகிறார். ஆண் றோபோ ஒன்றுக்கும் பெண் றோபோ ஒன்றுக்குமிடையே காதல் முகிழ்க்க, அவ்விருவரும் புதிய ஆதாமும் ஏவாளுமாக வழியனுப்பப்படுகின்றனர். உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட வேண்டும் என்னும் சமூக வினாவுக்குக் காதல் என்னும் இயற்கை விடை தரப்படுகின்றது. முதலாம் உலகப் போரின் பேரழிவைக் கண்டு கலங்கிய மத்தியதர வர்க்கப் புத்திசீவியின் எல்லை இதுவாகும். எல்லையைச் சுட்டும் நாம், அவர் அதுவரை நடந்து வந்த தூரத்தை மறுத்தலாகாது.

3

ஹைன்லைனின் ‘வால்டோ’ 1942 ஓகஸ்ற் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ‘அஸ்ரவுண்டிங்’ சஞ்சிகையில் புனைபெயரொன்றில் வெளிவந்தது. கதைத் தலைவனான வால்டோ, பிறப்பிலிருந்தே தசைநலிவு நோயால் பீடிக்கப்பட்டவன். ஒரு கரண்டியை உயர்த்துவதற்கும் இயலாதவன். நிறையின்மையில் வாழும்பொருட்டு விண்வெளியில் வீடமைத்துக்கொள்கிறான். தன் மெலிந்த கைகளின் நுண்ணிய அசைவுகளைப் பெருங் கரங்களுக்குக் கடத்தும் சாதனத்தைக் கண்டுபிடித்து, அதற்கான காப்புரிமையால் பெருஞ்செல்வனாகிறான். கையுறையொன்றில் விரலசைத்தால், தொலைவிலுள்ள உலோக விரல்கள் அசையும். மிகச் சிறிய கரங்களைக்கொண்டு அவற்றிலும் சிறிய கரங்களைச் செய்து, ஈற்றில் நரம்புக் கலத்தையே தொட்டு ஆராயுமளவுக்கு அவன் செல்கிறான்.

நோயால் வலுவிழந்த ஒருவர் எஞ்சியிருந்த சிறு பலத்தைப் பயன்படுத்துவதற்காக நெம்புகோல்களைத் தாமே அமைத்துக்கொண்டார் என்னும் செய்தியை 1918இல் சஞ்சிகையொன்றில் வாசித்ததே இக்கதைக்கு வித்து என ஹைன்லைன் பின்னர் கூறியுள்ளார். இத்தகவல் மிகுந்த முக்கியத்துவம் உடையது. தொலைக்கை என்னும் எண்ணத்தின் ஊற்று, இயலாமையுடைய ஒருவர் தம் தேவைக்காகத் தாமே செய்துகொண்ட வேலைப்பாட்டில் இருக்கின்றது. அது தனியுடைமையும் காப்புரிமையுமாக மாறுவது கதையில்தான்.

கதை வெளிவந்து சில ஆண்டுகளில் மெய்யான தொலைக்கைகள் தோன்றின. அணுவாயுத ஆராய்ச்சி கதிர்வீச்சுப் பொருள்களைக் கையாளும் தேவையை உண்டாக்கியிருந்தது. தடித்த சுவரின் ஒருபுறத்தே மனிதன், மறுபுறத்தே ஆபத்தான பொருள். ஆர்கொன் தேசிய ஆய்வுகூடத்தில் றேமண்ட் கோயேற்ஸ் என்பாரின் தலைமையில் 1940களின் இறுதியில் இயந்திர இணைப்புகளாலான இரட்டைக் கரங்களும், 1950களில் எதிர்விசையை உணர்த்தும் மின்சாரக் கரங்களும் ஆக்கப்பட்டன. அவற்றின் இரு பாகங்களையும் பொறியியலாளர் ‘எசமான்’, ‘அடிமை’ என்றே பெயரிட்டனர். மனிதன் பிடித்திருப்பது எசமான் கரம். தொலைவில் உழைப்பது அடிமைக் கரம். இத்தகைய சாதனங்களுக்கு ‘வால்டோ’ என்னும் பெயரும் பின்னர் வழங்கலாயிற்று. இலக்கியம் தொழில்நுட்பத்துக்குப் பெயர் ஈந்தமை பெருமையாகப் பேசப்படுவதுண்டு. தொழில்நுட்பம் தானே தெரிந்துகொண்ட பெயர் அடிமைச் சமுதாயத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

இனி, கதையின் ஒரு காட்சியைக் கூர்ந்து நோக்குவோம். பூமியிலுள்ள பட்டறையொன்றில் ஜெங்கின்ஸ் என்னும் தொழிலாளிக்கு வேலையொன்றின் செய்முறையை வால்டோ விண்ணிலிருந்தவாறே கற்பிக்கிறான். ஜெங்கின்ஸ் தன் கைகளைக் கையுறைகளினுள் நுழைத்துக்கொண்டு காத்திருக்கிறான். வால்டோ தன் விரல்களை அசைக்க, இயந்திரத்தின் முன்னுள்ள கரங்கள் மாத்திரமன்றி, தொழிலாளியின் கையிலுள்ள உறைகளும் சேர்ந்து அசைகின்றன. அவற்றுள் அகப்பட்ட அவனது விரல்களும் அசைக்கப்படுகின்றன. அவன் உதட்டைக் கடித்துக்கொள்கிறான். தன் விரல்களைப் பிறனொருவன் ஆட்டுவிப்பது அவனுக்கு உவப்பாயில்லை.

கதாசிரியர் இதனை ஒரே வாக்கியத்திற் சொல்லிக் கடந்துவிடுகிறார். அவரது அக்கறை முழுவதும் வால்டோவின் மேதைமையிலேயே உள்ளது. ஆயினும் கதையின் மறைந்திருக்கும் உண்மை அக்கடிபட்ட உதட்டிலேயே வெளிப்படுகின்றது. அடிமைக் கரம் உலோகத்தால் மட்டும் ஆகவேண்டுமென்பதில்லை. உடைமையாளனின் எண்ணத்தைப் பின்பற்றும் தொழிலாளியின் தசையும் அடிமைக் கரமே. கைத்தொழிலில் தொழிலாளி கருவியைப் பயன்படுத்துகிறான். ஆலையிலோ இயந்திரமே தொழிலாளியைப் பயன்படுத்துகின்றது என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் நிறுவிய கருத்துக்கு, மார்க்சியத்துடன் எவ்வித உறவுமற்ற எழுத்தாளர் ஒருவர் தம்மை அறியாமலே தந்த சித்திரம் இது. எழுத்தாளனின் கருத்துநிலைக்கு அப்பாலும் படைப்பு உண்மை பேசுவதுண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வால்டோவின் முடிவும் ஆய்வுக்குரியது. மறைபொருளான வேற்றுலக ஆற்றலைப் பெற்று அவன் நோய் நீங்குகிறான். நடனக் கலைஞனாகவும் அறுவைச் சிகிச்சை நிபுணனாகவும் யாவராலும் விரும்பப்படுபவனாகவும் மாறுகிறான். இயலாமையுடையவன் முழுமனிதனாக ஏற்கப்படுவதற்கு இயலாமை மறைய வேண்டும் என்பது இதன் உட்கிடை. அவனது நோய் அவனது தனித் துன்பம். அவனது விடுதலையும் தனி விடுதலை. படிக்கட்டுகளையும் வேலைத்தலங்களையும் அவனுக்கேற்ப மாற்றியமைக்கும் பொறுப்பு சமுதாயத்துக்கு உண்டு என்னும் எண்ணம் கதையில் எவ்விடத்தும் எழவில்லை. தனிமனித வாதத்தின் அழகியல் தர்க்கம் அத்தகைய முடிவையே வேண்டிநிற்கும்.

4

‘வால்டோ’ வெளிவந்த அதே 1942 ஓகஸ்ற் மாதத்திலேயே ஐக்கிய அமெரிக்காவும் மெக்சிக்கோவும் ‘பிறசேரோ’ உடன்படிக்கையைச் செய்துகொண்டன. ஸ்பானிய மொழியில் ‘பிறாசோ’ என்பது கை. ‘பிறசேரோ’ என்பது கைகளால் உழைப்பவன். போர்க்கால ஆட்பற்றாக்குறையை ஈடுசெய்ய மெக்சிக்கோவின் விவசாயிகள் குறுகிய கால ஒப்பந்தத்தில் அமெரிக்கப் பண்ணைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். 1964 வரை அம்முறை நீடித்தது. தொலைவிலுள்ள கையைத் தருவிக்கும் கனவு சஞ்சிகையில் அச்சேறிய மாதத்தில், தொலைவிலுள்ள கைகளைத் தருவிக்கும் ஒப்பந்தம் அரசுகளிடையே கைச்சாத்தானது. இரண்டுக்குமிடையே நேரடித் தொடர்பு ஏதுமில்லை. எனினும் ஒரே பொருளாதாரத் தேவையின் இரு முகங்களாக அவற்றைக் காண்பது மிகையாகாது.

இவ்விரண்டு இழைகளையும் ஒன்றாக முடிந்தவர் அலெக்ஸ் றிவேரா. பெரு நாட்டிலிருந்து புலம்பெயர்ந்த தந்தைக்கு அமெரிக்காவிற் பிறந்த இவர், 1997இல் எடுத்த குறும்படத்தில் பிறசேரோத் திட்டத்தின் பிரசாரப் படமொன்றைக் கேலிசெய்து, தொழிலாளி மெக்சிக்கோவிலேயே இருக்க அவனது உழைப்பு மாத்திரம் எல்லை தாண்டும் எதிர்காலத்தைக் காட்டினார். அதன் விரிவே 2008இல் வெளிவந்த ‘ஸ்லீப் டீலர்’.

மேமோ என்னும் இளைஞன் வாஹாக்கா மாநிலத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவன். ஆற்றை மறித்து அணைகட்டிய தனியார் நிறுவனம், அவ்வாற்று நீரையே கிராமத்தவருக்கு விலைக்கு விற்கின்றது. தொலைவிலிருந்து இயக்கப்படும் ஆளில்லா விமானத்தால் அவனது தந்தை கொல்லப்படுகிறார். பிழைப்புத் தேடி எல்லைநகரான திஹுவானாவுக்கு வரும் மேமோ, தன் உடலில் மின்னிணைப்புத் துளைகளைப் பொருத்திக்கொண்டு ஆலையொன்றில் வேலைக்கு அமர்கிறான். இருண்ட மண்டபத்தில் கம்பிகளில் தொங்கியவாறு தொழிலாளர் வரிசையாக நின்று வெற்றுவெளியிற் கைகளை அசைக்கின்றனர். எல்லைக்கு அப்பால் அமெரிக்க நகரத்தில் றோபோக்கள் கட்டடம் எழுப்புகின்றன. குடியேறியோர் வேண்டாம், அவர்தம் உழைப்பு மட்டும் வேண்டும் என்னும் நெடுங்கால விருப்பம் நிறைவேறிவிடுகின்றது. நீண்ட நேரம் இணைக்கப்பட்டோர் சோர்ந்து விழுகின்றனர், பார்வையை இழக்கின்றனர், மின்னழுத்தம் எகிறும்போது உயிராபத்துக்கும் உள்ளாகின்றனர்.

சாப்பெக்கின் ஆலையினர் உடைமையைக் காக்க றோபோவுக்கு நோவை ஊட்ட முயன்றனர். றிவேராவின் ஆலையிலோ நோவு கம்பிவழியே திரும்பிவந்து தொழிலாளியின் உடலில் இறங்குகின்றது; பயன் மறுபுறத்தில் தங்கிவிடுகின்றது. உபரி மதிப்பு ஒரு திசையிலும் துன்பம் மறு திசையிலும் செல்லும் பாதையாக அக்கம்பி காட்டப்படுவது படத்தின் கலைச்சிறப்பாகும். மேமோவின் வெறுங்கை அசைவையும், உயரத்தில் உருக்கை ஒட்டும் றோபோவின் அசைவையும் அடுத்தடுத்துக் காட்டும் காட்சிகளில் உள்ளடக்கமே உருவமாகிவிடுகின்றது. உழைப்பவன் தன் உழைப்பின் விளைவைத் தொடமுடியாதவன் என்பதை விளக்க அங்கு வசனம் தேவைப்படவில்லை.

படத்தின் குறைபாட்டையும் சுட்டுதல் விமர்சகனின் கடனாகும். அணையை உடைப்பது தொழிலாளரின் கூட்டுச்செயலன்று. மேமோவின் தந்தையைக் கொன்ற விமானத்தை இயக்கிய, மெக்சிக்க வழிவந்த அமெரிக்கப் படைவீரனின் மனச்சாட்சியே அதனை உடைக்கின்றது. ஒரே மண்டபத்தில் தோளோடு தோள் நின்று உழைக்கும் தொழிலாளர் ஒருவரோடொருவர் பேசுவதாக ஒரு குறிப்பிடத்தக்க காட்சிதானும் இல்லை. அவ்வமைதி, தொழில்நுட்பம் தொழிலாளரை எவ்வாறு பிரித்துவைக்கின்றது என்பதற்கான சித்திரமா, அன்றி இயக்குநரின் பார்வையெல்லையா என்பது விவாதத்துக்குரியது. பின்னது எனவே கருதத் தோன்றுகின்றது. 1972இல் ஒஹாயோ மாநிலத்தின் லோட்ஸ்ரவுண் மோட்டார் ஆலையில், ஒட்டுவேலைக்கு றோபோக்கள் நிறுவப்பட்டு மணிக்கு நூறு கார்கள் என்னும் வேகம் நிர்ணயிக்கப்பட்டபோது, இளந் தொழிலாளர் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். றோபோவின் பக்கத்தில் நின்றோர் வாய்மூடி நின்றனரல்லர் என்பதற்கு வரலாறு சான்று தருகின்றது. கலை அந்தச் சான்றைத் தவறவிட்டிருக்கின்றது.

5

இதுகாறும் கூறியவற்றால், தொலைக்கையின் கொடுமை முதலாளித்துவத்துக்கு மாத்திரம் உரியது என்னும் முடிவுக்கு வாசகர் வந்துவிடக்கூடும். அம்முடிவு எமக்கு வசதியானது, ஆனால் முழுமையானதன்று.

1970 நவம்பரில் சந்திரனில் இறங்கிய சோவியத்தின் லூனகோத் ஊர்தி, கிரைமியாவிலிருந்த குழுவினரால் தொலைவிலிருந்து ஓட்டப்பட்டு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரம் சென்றது. சோசலிச விஞ்ஞானத்தின் வெற்றியாக அது கொண்டாடப்பட்டது நியாயமே. 1986இல் செர்னோபில் அணுவுலை வெடித்தபின், கூரையிற் சிதறிக்கிடந்த கதிர்வீச்சுப் பொருள்களை அகற்றத் தொலைவியக்கு இயந்திரங்கள் அனுப்பப்பட்டன. லூனகோத்தின் சில்லுச் சட்டகத்தை வடிவமைத்த லெனின்கிராட் நிறுவனத்தார் ஆக்கியனவும், மேற்கு ஜேர்மனியிலிருந்து தருவிக்கப்பட்டதும் அவற்றுள் அடங்கும். சில ஓரளவு பணிசெய்தன. ஈற்றில் கதிர்வீச்சும் இடிபாடுகளும் அவற்றை முடக்கின. அதன்பின் 3,000க்கும் மேற்பட்ட படைவீரர் மண்வாரிகளுடன் கூரைக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒருசில நிமிடங்களே அனுமதிக்கப்பட்டன. அவர்களுக்கு வழங்கிய பெயர் ‘உயிர் றோபோக்கள்’.

தொழிலாளர் அரசு எனத் தன்னை அழைத்துக்கொண்ட நாட்டிலே மனிதனுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. அவ்வீரர்களின் தியாகம் ஐரோப்பாவைப் பெருந்தீங்கிலிருந்து காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தியாகம் என்னும் சொல், அவர்களுக்கு உண்மை முழுவதும் சொல்லப்பட்டதா, முடிவெடுத்தலில் அவர்களுக்குப் பங்கிருந்ததா என்னும் வினாக்களை மூடிவிடலாகாது. 1997இல் வெளிவந்த ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச்சின் செர்னோபில் நூலில் ஒலிக்கும் எளிய மனிதரின் குரல்கள் அவ்வினாக்களையே எழுப்புகின்றன. அவருடைய அரசியல் நோக்கோடு எமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். சாட்சியங்களோடு வேறுபட முடியாது. உற்பத்திச் சாதனம் அரசுடைமையாதல் வேறு, உழைப்பவர் கையில் அதன்மீதான கட்டுப்பாடு இருத்தல் வேறு. சாப்பெக்கின் சொல் வட்டமிட்டு மீண்டும் மனித உடலையே வந்தடைந்த அக்கூரையில், இவ்வேறுபாட்டை மார்க்சியவாதிகள் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

6

றோபோக்களை வடிவமைத்தலும் பரிசோதித்தலும் வெறும் தொழில்நுட்பக் கருமங்களாகவே கருதப்படுகின்றன. இலக்கிய விமர்சகனுக்கு அங்கு என்ன வேலை எனக் கேட்கப்படலாம். பரிசோதனை என்பது ஒரு மதிப்பீடு; மதிப்பீட்டின் அளவுகோல்கள் சமுதாயத்திலிருந்தே பிறக்கின்றன. ஆகையால் விமர்சகன் அங்கு அந்நியனல்லன்.

2011ஆம் ஆண்டின் புக்குஷிமா அணுவுலை விபத்தையடுத்து, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவு பேரிடர் றோபோக்களுக்கான போட்டியை நடத்தியது. 2015 யூனில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த இறுதிச்சுற்றில், வாகனம் ஓட்டல், கதவு திறத்தல், அடைப்பான் திருகல், சுவரில் துளையிடல், படியேறல் முதலிய எட்டுக் கருமங்களை ஒரு மணி நேரத்துள் முடித்தல் வேண்டும். இயக்குவோர் தொலைவிலிருந்தனர், செய்தித்தொடர்பு வேண்டுமென்றே இடையறுக்கப்பட்டது. தென்கொரியக் குழுவின் றோபோ 44 நிமிடம் 28 வினாடியில் முடித்து வென்றது. பல றோபோக்கள் தடுமாறி விழுந்தன. அக்காட்சிகள் உலகெங்கும் நகைப்புக்குரியனவாகப் பரவின. செர்னோபில் கூரையில் மனிதனை ஏறச்செய்த தோல்வியும் இத்தகைய விழுதலே என்பதை நகைத்தோர் நினைத்திரார்.

2016இல் சூரிச் நகரின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம் தொடக்கிய ‘சைபத்லொன்’ வேறு அளவுகோலைக் கொண்டது. இயலாமையுடையவரும் அவருடைய சாதனமும் ஒருசேரப் பங்குபற்றுவர். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழல், படியேறி இறங்கல், கதவைத் திறந்து சக்கர நாற்காலியிற் புகுதல் என அன்றாட வாழ்வின் கருமங்களே சோதனைகள். பயன்படுத்துவோர் சோதனைப் பொருளாக அன்றி மதிப்பிடுவோராகவும் இடம்பெறுவது முன்னேற்றமே. எனினும் பந்தயத்தில் வென்ற சாதனம் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டை எட்டுமா என்பது கடிகாரம் அளக்காத வினா.

இதற்கு மாறான உதாரணம் எமக்கு அண்மையிலேயே உண்டு. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞரான இராம் சந்திர சர்மாவும் வைத்தியரான பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதம், சப்பாத்தணிந்து நாற்காலியில் அமரும் மேனாட்டு வாழ்க்கைக்கென அமைந்த பாதங்களின் குறைபாட்டிலிருந்து பிறந்தது. வெறுங்காலுடன் நடத்தல், சேற்று வயலில் இறங்கல், குந்தியிருத்தல், சப்பணமிடல் ஆகியனவே அதற்கான சோதனைகள். இறப்பரும் மரமுமே அதன் முதன்மைப் பொருள்கள். றோபோவின் நுட்பம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் சோதனையை வகுத்தது மக்களின் வாழ்க்கை. யாழ்ப்பாணத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து போரிற் காலிழந்தோர் அப்பாதத்தால் எழுந்து நடந்தனர். வடிவமைப்பின் மேன்மை சிக்கலில் இல்லை, அளவுகோலில் இருக்கின்றது என்பதற்கு எம்மவர் நடையே ஆதாரம்.

7

ஈற்றில், ஒரே நாட்டின் இரு தொலைக்கைகளைக் குறிப்பிட்டு இந்நோக்கை நிறைவுசெய்யலாம். டோக்கியோவில் 2021இல் நிலையாகத் திறக்கப்பட்ட கோப்பிக் கடையொன்றில் பரிமாறும் றோபோக்களை இயக்குவோர், தசை செயலிழப்பு முதலிய நோய்களால் வீட்டிலோ வைத்தியசாலையிலோ படுக்கையிலிருப்போர். சிலர் கண்ணசைவால் மாத்திரம் இயக்குகின்றனர். கூலியும் சகதொழிலாளரும் வாடிக்கையாளரோடு உரையாட்டும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. வால்டோவைப் போல நோய் நீங்கிய பின்னரன்றி, நோயுடனேயே அவர்கள் சமுதாயத்தினுட் புகுகின்றனர். கூலியுழைப்பு ஆதலால் இதில் விடுதலை இல்லை எனத் தள்ளிவிடுவது வறட்டுவாதமாகும். சுரண்டலுக்கும் தகுதியற்றவரென ஒதுக்கப்பட்டிருத்தல் சுதந்திரமன்று.

அதே யப்பானின் சில்லறைக் கடைகளில், 2020களில், பானப் போத்தல்களை அடுக்கும் றோபோக்களை மணிலாவிலுள்ள இளைஞர் கண்காணித்து, பிழை நேரும்போது தொலைவிலிருந்து இயக்கிச் சரிசெய்கின்றனர். யப்பானில் ஆட்பற்றாக்குறை; பிலிப்பைன்சில் குறைந்த கூலி. திஹுவானாவின் கற்பனை ஆலை பதினைந்து ஆண்டுகளுள் மணிலாவில் மெய்யாகிவிட்டது. பொறியியல் நோக்கில் கோப்பிக் கடையின் கரத்துக்கும் சில்லறைக் கடையின் கரத்துக்குமிடையே பெரும் வேறுபாடில்லை. ஒன்றில் தொலைவு, ஒதுக்கப்பட்டவரை உலகோடு இணைக்கின்றது. மற்றதில் தொலைவு, உழைப்பவரை அவர்தம் உழைப்பு நிகழும் நாட்டின் கூலியிலிருந்தும் உரிமையிலிருந்தும் பிரிக்கின்றது. வேறுபாட்டைத் தீர்மானிப்பது கரமன்று, கரத்தைச் சூழ்ந்துள்ள உற்பத்தி உறவு.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ முதலாகப் படைக்கப்பட்ட இயந்திர உயிர்கள் வாசகரின் அன்பைப் பெற்றுள்ளன. ஆனால் அவை தோழனாகவோ பகைவனாகவோ நிற்கும் தன்னியக்கப் பாத்திரங்களே. இயந்திரத்தின் மறுமுனையில் கூலிக்குக் கையசைக்கும் மனிதன் எமது புனைகதையுள் இன்னும் உரியவாறு வரவில்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவளுக்கு ‘அரைப்பேர்’ போடும் மலையகத்துத் தோட்டத்தைக் கண்ட எமக்கு, மனிதரைக் கையாகவும் கையை எண்ணிக்கையாகவும் மாற்றும் கணக்கு புதியதன்று. அவ்வனுபவத்தையுடைய மொழியிலிருந்து தொலைக்கையின் கதை எழுதப்படுமாயின், சாப்பெக்கின் காதலும் ஹைன்லைனின் அற்புதமும் றிவேராவின் தனிமனித மனச்சாட்சியும் நிரப்பமுடியாத இடத்தை அது நிரப்பக்கூடும். ஜெங்கின்ஸ் கடித்துக்கொண்ட உதடு அக்கதையிலேனும் பேசவேண்டும்.